மாமியின் இடம்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. விடியக் கூட்டிய முற்றம் பத்து மணிக்கே திரும்பவும் மண். மாமியின் முப்பத்தோராம் நாள் பூசை வாற சனி. ஃபாதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கதிரை, பந்தல். இறைச்சிக்குச் சொல்லி வைக்க வேண்டும். கடையில் லீவு.

நினைவு மலரை நானே ரைப் பண்ணட்டாம். என் மனுசன் றெஜி சொன்னார். “உன்ரை வேலைதானே.” திருநெல்வேலியில் காம்பஸ் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரை அடிக்கிற கடையில் வேலை செய்கிறவளுக்கு மாமியாரின் சாவையும் அடிக்கத் தெரியும்தானே.

கருவாட்டுப் பானையைப் பூனை உருட்டிவிட்டது.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெக்கை. பலாலி றோட்டில் பஸ் நின்று நின்று போனது.

பாரிஸிலிருந்து மச்சாள், மாமியின் மகள், வாசகம் அனுப்பியிருக்கிறா. “கணவனின் சொல் தட்டாத மனைவி. பிள்ளைகளின் காவல் சம்மனசு. அடுப்படியையே ஆலயமாக்கியவர். மடுமாதாவின் தீவிர பக்தை.” எல்லாம் அடித்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். கடைக்கார அக்கா வாசித்துவிட்டு, குடுத்து வைச்ச சீவியம் என்றா.

மடுமாதாவின் பக்தை. உண்மைதான். போன வருசம் மடுத் திருவிழாவுக்குக் கோயிலடியில் இருந்து பஸ் போனது. மாமிக்கும் ஒரு சீற். முதல் நாளே உடுப்பு மடித்து, பாய் சுருட்டி வைத்திருந்தா. கலியாணத்துக்கு முன்னம் தகப்பனோடு போனதாம், பிறகு இல்லை. விடிய மாமா விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு, நீ போனால் எனக்கு ஆர் சோறு போடுறது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளில்லை. நான் போடுறன் மாமா என்றேன். என்னைப் பார்க்காமல் சொன்னார், உவள் வேலைக்குப் போறவள் என்று.

மாமி பாயை அவிழ்த்து உள்ளே வைத்தா. ஓலைப் பெட்டியில் கிடந்த ஓரா மீனை எடுத்து வெட்டத் தொடங்கினா. பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. பின்னேரம் செபமாலை வழக்கம் போல. ஒரு மணிகூடத் தப்பவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

மிளகாய் இடித்துவந்தாச்சு. தும்மல்.

மாமி எனக்கு நல்லவ என்று எழுத மாட்டேன். நான் பண்டத்தரிப்பு, சைவக் குடும்பம். றெஜியைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள். முதல் இரண்டு வருசம் நான் ஆக்கினதை அவ தொடவில்லை. செப மந்திரம் பிழைத்தால் முதலில் இருந்து சொல்ல வைப்பா. விபூதிப் பழக்கத்தில் நெற்றிக்குக் கை போனால் ஒரு பார்வை. குளியலறையில் அழுதிருக்கிறேன்.

பிறகு மெல்ல மெல்ல மாறினா. நான் வேலையால் வரும்போது தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்திருப்பா. இண்டைக்கு என்ன அடிச்சனி என்று கேட்பா. தவளை பற்றி ஒரு பிள்ளை எழுதின கட்டுரை என்றால் அது முழுக்கச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவவிடம் ஒருவரும் அப்படிக் கதைத்ததில்லை.

வயிற்று நோவை மாதக்கணக்காய்ப் பனடோலோடு மறைத்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பிந்திவிட்டது. அங்கே ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்தா.

“பிள்ளை, நான் போனாப் பிறகு உன்னை என்ரை இடத்திலை இருத்தப் பாப்பினம். இருந்திடாதை. வேலையை விடாதை.”

அதற்குப் பிறகு தண்ணி கேட்டா.

இவ்வளவு தெரிந்தவ ஏன் மாமாவிடமும் றெஜியிடமும் சொல்லவில்லை? அந்தக் கோபம் இன்னும் கிடக்கிறது. செத்தவவோடு கோபிக்கக் கூடாதாம்.

ஓகஸ்ட் 9, சனி

பூசை முடிந்தது. கோயில் நிறையச் சனம். ஃபாதர் பிரசங்கத்தில், அந்தத் தாய் வீட்டைவிட்டு வெளியே பெருமை தேடவில்லை என்றார். மாமா லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். நான் தலையிலே போட்ட சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாப்பாடு. இறைச்சிக்கு உப்புக் கூடிவிட்டது. எல்லாரும் தண்ணி வாங்கிக் குடித்தார்கள்.

சாப்பிட்டு முடிய, ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது மாமா தொடங்கினார். விளக்கில்லாத வீடு மாதிரிக் கிடக்குதாம். திங்கள் தொடக்கம் வசந்தி வேலையை விட்டிட்டு வீட்டில் நிற்பாளாம். வசந்தி நான்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். றெஜியும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

நான் எழும்பி நின்று சொன்னேன், மாமிதான் என்னை வேலையை விடாதை எண்டு சொன்னவ, ஆஸ்பத்திரியிலை.

“அம்மா அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை,” என்றார் றெஜி.

போனில் வீடியோவில் இருந்த மச்சாள், செத்த மனுசியின் பேரில் பொய் சொல்ல வேண்டாம் என்றா. மாமா பெரிதாய் அழத் தொடங்கினார். எல்லாரும் அவரைச் சுற்றி. நான் கறிச்சட்டிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

மாமியின் தங்கச்சி, சின்ன மாமி, கிணற்றடிக்கு வந்தா. ஒரு சட்டியை வாங்கி உரஞ்சினா.

“எனக்கும் அதைத்தான் சொன்னவ, பிள்ளை.”

“அப்ப ஏன் அங்கை வாய் திறக்கேல்லை?”

“நான் இந்த வீட்டுக்கு வந்து போக வேணுமெல்லோ.”

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனா.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

றெ. பேசவில்லை. பூசைக்கும் தனியே போனார். நினைவு மலர் மிஞ்சிக் கிடக்கிறது. முகப்பில் மாமி சிரிக்கிறா. யாருடையதோ கலியாணப் படத்தில் இருந்து வெட்டி எடுத்த முகம்.

ஓகஸ்ட் 11, திங்கள்

சோறு, பருப்பு, மீன் குழம்பு. ஆக்கி மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வரும்போது மூடினது மூடினபடி. அவர் கதிரையில், பசியோடு, றோட்டைப் பார்த்துக்கொண்டு. றெ. வரும்போது கொத்துரொட்டிப் பார்சல். தகப்பனுக்கும் தனக்கும். நான் பழஞ்சோறாகப் போகிற சோற்றைத் தின்றேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அதேதான். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்து மாமாவுக்குப் புட்டு வந்திருக்கிறது. அந்த மனுசி என்னை மதிலுக்கு மேலால் பார்த்த பார்வை. பக்தியுள்ள பெண் இருந்த வீடு, இப்ப இப்பிடி.

கடையில் ஒரு பிள்ளையின் கட்டுரையில் இரண்டு பக்கத்தை மாறி அடித்துவிட்டேன். அக்கா தானே திருத்தினா. பஸ்ஸில் அழுகை வந்தது. அடக்கினேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

காற்று குறைவு. ஆறு மணிக்கு வந்தேன். குழம்புச் சட்டி பாதி காலி. சோற்றிலும் கை வைத்திருக்கிறார். சாப்பிட்ட சோற்றுக் கோப்பை அடுப்படிப் பலகையில், மீன் முள்ளோடு, எறும்பு மொய்த்துப்போய். மாமா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்; நித்திரை இல்லை.

கோப்பையை எடுத்துக் கழுவக் கை போனது. எடுக்கவில்லை. அங்கேயே கிடக்கிறது.