ரோவீனாவுக்கு நான் சொன்ன வழி

மே 3
ஊர்ச் சபை அலுவலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல். வெலிங்டனிலிருந்து ரோவீனா என்று ஒருத்தி. எங்கள் தொகெலாவ் தீவுக்கு விமானம் உண்டா, எந்த விடுதி நல்லது என்று கேட்கிறாள். விமானமாவது விடுதியாவது! சமோவாவில், அபியா துறைமுகத்தில் கப்பலேறு, வாந்தி மாத்திரை வைத்துக்கொள், குளிக்கிற உடையில் ஊருக்குள் நடக்காதே, ஏதாவது ஒரு வீடு உன்னை ஏற்றுக்கொண்டால்தான் சபை அனுமதிக்கும் என்று எழுதினேன். பயணிகளுக்குப் பதில் எழுதுவதுதானே என் வேலை.

மே 9
மறுபடி ரோவீனா. கொசுவலை வேண்டுமா, குழந்தைகளுக்கு என்ன வாங்கி வரலாம்? நல்ல பெண். எந்த வீடு என்று கேட்டதற்கு, தான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இங்கே சொந்த வீடு இருக்கிறதாம். அவருக்குச் சொல்லாமல் வந்து நிற்கப் போகிறாளாம். சிரிப்பு வந்தது. இங்கே எந்த ஆணுக்குச் சொந்த வீடு? வீடு பெண்களுடையது, புருஷன் வந்து ஒட்டிக்கொள்கிறவன். எவனோ நன்றாகக் காதில் பூ சுற்றியிருக்கிறான்.

மே 10
என் புருஷன் ஃபெலெட்டி நாளைக் கப்பலில் வருகிறான். நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து. மகளும் நானும் பாய்களையெல்லாம் வெயிலில் போட்டோம்.

மே 14
சபைக்குச் சொல்ல அந்த ஆளின் பெயர் கேட்டிருந்தேன். பதில் வந்தது.
ஃபெலெட்டி.
என் ஃபெலெட்டி. என் அம்மா எனக்குக் கொடுத்த வீடு. படுபாவி, முந்தாநாள்தானே "உன் நெனப்பாவே இருந்தேன்"னு சொன்ன? மாத்திரை, கொசுவலைன்னு நானே அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கேனே...

மே 15
அவன் தங்கை சுலியாவிடம் கேட்டேன். தலை குனிந்தாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி." இவளுக்கும் தெரியும்! என் அடுப்பில் சமைத்ததைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். 

மே 17
பெரியவர் இயோசியா சபையில் கேட்டார்: "அந்தப் பொண்ணை எந்த வீடு ஏத்துக்குது?"
யாருமில்லை என்றால் அவள் அபியாவிலேயே நின்றுவிடுவாள். இவனும் ஒன்றும் நடக்காததுபோல என் பாயில் படுத்திருப்பான்.
"என் வீடு" என்றேன்.

மே 25
கப்பல் வந்தது. மீன்பிடிக்கப் போகாதே, ஒரு விருந்தாளி வருகிறாள் என்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கரைக்கு வந்த படகில் அவளைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போனது.
ரோவீனா என் கையைப் பிடித்தாள். "நீங்கதான எனக்கு எழுதுனவங்க?"
"ஆமாம்மா. இவனோட பொண்டாட்டியும் நான்தான்."
பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது.
"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் அவன்.
"எந்த வீட்டுக்கு?"

மே 26
அழுதேன். அடுத்த அறையில் அவளும்.

மே 28
ஊர் மீன் பங்கு. ஒவ்வொரு தலைக்கும் ஒரு மீன், விருந்தாளிக்கும் உண்டு. பங்கு வைக்கிறவர் என் வீட்டுக்கு நான்கு மீன் எடுத்து வைத்தார்.
"மூணு தலைதான். நான், என் மக, ரோவீனா" என்றேன்.
அவர் ஒரு மீனை எடுத்து சுலியா வீட்டுக் குவியலில் போட்டார்.