நூற்று எழுபத்து மூன்றாவது வண்டி

மாலை ஐந்து நாற்பத்திரண்டு. அதுதான் எனக்குச் செய்தி வந்த நேரம். உன் உயிர் போய் அப்போது அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. நான் ஐஸ் கம்பனியின் மொட்டை மாடியில் நின்று, ட்ரோனை இறக்கி அதன் இறக்கைகளை மடித்துவிட்டு, ரிமோட்டில் திரையாகப் பூட்டியிருந்த தொலைபேசியைக் கழற்றினேன். பறக்கும்போது அழைப்பு வந்தால் படம் தடைப்படும் என்று அழைப்புகளை நிறுத்தி வைத்திருந்தேன். அந்தத் தடையை எடுத்ததும் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. உன்னை ராத்தா என்று கூப்பிடும் உன் தம்பி சப்ரியின் கடைசிக் குரல் பதிவு ஏழு விநாடி.

"மச்சான்... ராத்தா மௌத்தாகிட்டா மச்சான். நீங்க எங்க?"

இன்று நாற்பதாவது நாள். காலையில் அலுமாரியைத் திறந்தேன். உன் மஞ்சள் ஜேர்சி என் பச்சை ஜேர்சிக்கு மேலே இருந்தது. எத்தனை தடவை நான் மாற்றி அடுக்கினாலும் உன்னுடையது மேலே வந்துவிடும். அதைத் தொடாமல் கதவைச் சாத்தினேன். அழுகை வரவில்லை. நாற்பது நாளாக வரவில்லை. வந்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒரே ரோடு. அந்த ஒரு ரோட்டுக்கு இரண்டு கிளப். ஜெற்றிப் பக்கத்தார் பச்சை, பள்ளிவாசல் பக்கத்தார் மஞ்சள். நான் பச்சையில் பிறந்தவன், நீ மஞ்சள். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீ உன் உம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாயாம்: "மாப்பிள்ளை எந்தக் கிளப்?" பச்சை என்று தெரிந்ததும் உள்ளேயிருந்து உன் குரல் எங்களுக்கும் கேட்டது. "பரவாயில்ல, மருந்து குடுத்தா சுகமாகிற வருத்தம்தானே." என் வாப்பா தேத்தண்ணீரைச் சிந்திவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து ஊர் என்னை இரண்டு பக்கத்துக்கும் மருமகன் என்றது.

இரண்டு கிளப்பும் பந்தில் ஏறத்தாழச் சமம். அதனால் சண்டை எப்போதும் பந்தைப் பற்றி இருக்காது, யாருக்கு ஆட்கள் அதிகம் என்பதைப் பற்றித்தான் இருக்கும். இரண்டு கிளப்புக்கும் இணையத்தில் பக்கம் தொடங்கிக் கொடுத்தவன் நான். பச்சைக்கு விருப்பக்குறி கூடினால் மஞ்சள்காரர்கள், "அதெல்லாம் கட்டார்ல வேலை செய்றவன்ட நாலு போன்" என்பார்கள். மஞ்சளுக்குக் கூடினால் பச்சைக்காரர்கள் குவைத்தைச் சொல்வார்கள். மைதானத்தில் தலையை எண்ணினால், ஐஸ்பழம் வாங்க வந்தவனையும் சேர்த்து எண்ணிவிட்டதாகச் சண்டை வரும். இந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி, எந்தக் கிளப்புக்கு ரசிகர்கள் அதிகமோ அந்தக் கிளப் மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னது. அதோடு ஊரின் தலை கழன்றுவிட்டது.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் வாகன ஊர்வலம். முதலில் பச்சை, அது முடிய மஞ்சள். ஒரே ரோட்டில் போக வேண்டும், மேலிருந்து ட்ரோனால் எண்ண வேண்டும். தொலைபேசி டவர்களைச் சோதித்துப் பார்க்கும் என் வேலைக்காக நான் வாங்கிய ட்ரோன். எண்ணுவதற்கான மென்பொருளையும் நானே எழுதினேன். ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் ஒரு சதுரம் விழும், சதுரத்தின் மேல் ஓர் எண் விழும். உனக்குக் காட்டியபோது நீ திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

"வண்டிய எண்ணினா எத்தின வண்டி எண்டுதான் தெரியும். மழைக்க நனைஞ்சிட்டு நிக்கிறவன எண்ணுங்க. அவன்தான் ரசிகன்."

"அதுக்கு மென்பொருள் இல்ல."

"அப்ப உங்கட படிப்பு என்னத்துக்கு?"

நான் இரண்டு கிளப்பின் குழுக்களிலும் விதிகளைப் போட்டேன். மூன்றாவது விதியை அப்படியே இங்கே எழுதுகிறேன். 'வரிசைக்குள் வந்த வண்டி எதுவும் எண்ணி முடியும் வரை வெளியேறக் கூடாது. வெளியேறித் திரும்பச் சேர்ந்தால் இரண்டாக எண்ணப்படும்.' கீழே என் பெயர். உனக்கு வாசித்துக் காட்டினேன். "வக்கீல் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு நீ மீனைத் திருப்பிப் போட்டாய்.

ஊர்வலத்தன்று நான்கு மணிக்குப் பிறகு உனக்கு ஆஸ்துமா முட்டு வந்திருக்கிறது. பம்பை மூன்று தடவை இழுத்தும் அடங்கவில்லை. சப்ரி தன் முச்சக்கரவண்டியில் உன்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். கூரையில் மஞ்சள் கோடு போட்ட வண்டி. வேறு ரோடு இல்லை, ஊர்வலத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நடந்ததை அவன் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

"வழி விடுங்க, உள்ள ராத்தா இருக்கா எண்டு கத்தினன் மச்சான். பேண்ட் சத்தத்தில யாருக்குக் கேக்கும்? எண்ணிக்கையக் குழப்பத்தான் மஞ்சள் வந்திருக்கு எண்டானுகள். ஒருத்தன் பச்சைக் கொடியக் கொண்டுவந்து என்ட த்ரீவீலுக்கு மேல கட்டினான். சுத்தி நிண்டு ஆடினானுகள். இன்னொருத்தன் சொல்றான், 'உள்ள வந்தா வெளிய போக ஏலா, உங்கட மச்சான் போட்ட சட்டம்தான்' எண்டு. பிறகு ரிஸ்வி நானா மைக்கோட வந்தாரு. த்ரீவீல்ட பக்கத் திரையைத் தூக்கிப் பாத்தாரு. ராத்தா அவர்ட கையைப் புடிச்சா. அவர் கையை இழுத்துட்டு, 'அஞ்சு நிமிஷம் பொறு, வால் வந்து சேரட்டும்' எண்டாரு."

ஊர்வலத்தின் வாலாகக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து இன்னும் வண்டிகள் வர வேண்டியிருந்தன. அவை வந்து சேரும்வரை பச்சைக் கிளப்பின் செயலாளர் ரிஸ்வி ஊர்வலத்தை நிறுத்தி வைத்தான். பட்டாசுப் புகைக்குள் நீ இருந்தாய். நான் மேலே இருந்தேன். பச்சை வெள்ளத்துக்குள் மஞ்சள் கோடு போட்ட ஒரு கூரை மாட்டிக்கொண்டதைத் திரையில் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அது உன் வண்டி என்று எனக்குத் தெரியாது. பற்றரி மாற்ற மூன்று தடவை ட்ரோனை இறக்கினேன். மூன்று தடவையும் அழைப்புகளைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சை விட்ட நேரத்தில் நான் உன் மஞ்சள் கிளப்பின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் ஜனாஸாவுக்கு இரண்டு கிளப்பும் திரண்டு வந்தன. இறுதிப் போட்டியை ஒத்திவைத்துவிட்டு வந்தார்கள். மையவாடியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் தணிந்த குரலில் கதைத்தார்கள்.

"பாத்தியா, பச்சை ஆக்கள்தான் கூட."

"போடா, பள்ளிக்குள்ள நிண்டவனெல்லாம் மஞ்சள்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குழியை மூடிய மண்வெட்டி என் கையில் இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. சப்ரி வீம்புக்கு மஞ்சள் வண்டியை ஊர்வலத்துக்குள் விட்டானாம், அவனுடைய வீம்புதான் உன்னைக் கொன்றதாம். ரிஸ்வி எட்டிப் பார்த்தான் என்று அவன் சொன்னால், அது மஞ்சள் ஆள் சொல்லும் கதையாம். ரிஸ்வி பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சத்தியம் செய்தான். உள்ளே ஒரு பொம்பளை இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்றான். அவனும் நானும் பத்து வயதிலிருந்து ஒன்றாகப் பந்து அடித்தவர்கள். சப்ரியின் வண்டியில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூட யாரும் ஏற்றுவதில்லை. உன் உம்மாவே அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஒன்பதாவது நாள்தான் பதிவை ஓட்டிப் பார்த்தேன். நூற்று எழுபத்து மூன்று. அது உன் சதுரத்தின் எண். நான் எழுதிய மென்பொருள் உன்னைப் பச்சைக் கிளப்பின் ரசிகையாக எண்ணி வைத்திருந்தது. நான்கு முப்பத்தொன்றுக்கு, கையில் மைக்கோடும் தலையில் வெள்ளைத் தொப்பியோடும் ஓர் ஆள் அந்தச் சதுரத்துக்குள் வருகிறான். குனிந்து வண்டியின் பக்கத் திரையைத் தூக்குகிறான். எட்டு விநாடி அப்படியே நிற்கிறான். உள்ளேயிருந்து ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறது. அந்த வளையலை நான் அறிவேன். அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்து, ட்ரோன் இருக்கும் பக்கம் முகத்தைத் தூக்கிச் சிரித்துக் கையாட்டுகிறான். அதன்பிறகும் ஒன்பது நிமிடம் அந்தச் சதுரம் நகரவில்லை.

இதை முப்பத்தொரு நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். ஏன் என்று நீ கேட்பாய். காட்டினால், அவனை அப்படி நிற்க வைத்த விதி யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். சப்ரி தெருவில் தலை குனிந்து போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு, அந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுதான் உண்மை.

வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். "அவ இருந்தா மன்னிச்சிருப்பா." உன்னைத் தெரியாதவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெனல்டியைத் தராத நடுவர் இப்போது ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கக்கூட என்னை அந்தக் கடைக்குப் போகவிடாமல் அடுத்த ஊருக்கு அனுப்பியவள் நீ. பாவம், மறந்துவிடு என்றேன். "அந்த ஆள அல்லாஹ் மன்னிக்கட்டும். எனக்கு வேற வேலை இருக்கு" என்றாய். ஒரு பெனல்டிக்கே அப்படி. உன் தம்பியைக் கொலைகாரன் என்பவர்களை நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ரிஸ்வி வந்தான். கையில் ஒரு பெட்டி வட்டிலப்பம். நீ எப்போதும் உட்காரும் கதிரையில் உட்கார்ந்தான். சப்ரி குசினிக்குள் நின்றான். வெளியே வரவில்லை.

"மச்சான், மனசு சரியில்லாத நேரம்தான், விளங்குது. ஆனா கம்பனிக்காரன் கேட்டுக்கொண்டே இருக்கான். அந்த எண்ணிக்கைய மட்டும் தந்தா காணும்."

நான் அந்தப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"இன்னொண்டும் யோசிச்சிருக்கம். இந்த முறை கிண்ணத்துக்கு அவட பேர வைப்பம். பேருக்கு முன்னால மர்ஹூமா எண்டு போட்டு, ஞாபகார்த்தக் கிண்ணம். தொடங்க முதல் ஒரு நிமிஷம் எல்லாரும் எழும்பி நிண்டு துஆ கேப்பம். மைதானம் நிரம்பும் மச்சான். நீ பாரு, எவ்வளவு சனம் வரும் எண்டு."

"ரிஸ்வி, அண்டைக்கு நீ திரையைத் தூக்கிப் பாத்தியா?"

"என்ன மச்சான் நீயும்? சப்ரிட கதைய நம்புறியா?"

"பாத்தியா, இல்லையா? இண்டைக்குச் சொன்னா நமக்குள்ள முடிஞ்சிடும்."

"என்ட புள்ள மேல ஆண. நான் கிட்டயும் போகல்ல."

கண்ணை இமைக்காமல் சொன்னான். அவன் மகளுக்கு நான்கு வயது. நீ அவளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாய். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பதிவை அழித்திருப்பேனோ என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அழித்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எண்ணிக்கைய இண்டைக்கே ரெண்டு கிளப் பக்கத்திலயும் போடுறன். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். சந்தோஷமாக என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பதிவோடு பொலிஸுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். போகலாம். வழக்கு இழுபடும், அதற்குள் அவன் மைதானத்தில் விளக்கு எரியும். அவனுக்கு வலிக்கிற இடம் ஒன்றுதான். பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும்போது அங்கே யாரும் இருக்கக் கூடாது. கையில் கொடியோடு உன்னைச் சுற்றி ஆடியவர்களும் தங்கள் தங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அவர்களுடைய உம்மாமாரும் பொண்டாட்டிமாரும் பார்க்கட்டும்.

இரண்டு பக்கங்களின் கடவுச்சொற்களும் என்னிடம்தான் இருக்கின்றன. அந்த ஒன்பது நிமிடத்தையும், அதற்கு முந்திய எட்டு விநாடியையும் வெட்டாமல் போட்டேன். பாட்டு இல்லை, எழுத்து இல்லை. சதுரத்தையும் எண்ணையும் மட்டும் அப்படியே விட்டேன். அதன் கீழே என் மூன்றாவது விதியை என் பெயரோடு போட்டேன். அந்த நேரமெல்லாம் என் தொலைபேசி யாருடைய அழைப்பையும் ஏற்காமல் இருந்தது என்றும், அதில் நீ எனக்கு எடுத்த அழைப்புகளும் இருந்தன என்றும் எழுதினேன்.

சப்ரி தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றான். "மச்சான், உங்களையும்தான் ஏசுவானுகள்."

"ஏசட்டும்."

"கிளப் ரெண்டும் உடையும்."

"உடையட்டும்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் இருந்து அழுதான். நாற்பது நாளில் இந்த வீட்டில் யாரும் அழுதது இதுதான் முதல் தடவை. வட்டிலப்பப் பெட்டியை நான் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு நிம்மதி வந்துவிட்டதென்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். உள்ளே இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. ஆனால் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று இருக்கிறது, மன்னிக்காமல் இருக்கும் அந்தப் பிடிவாதம். அதை என்னோடே வைத்திருப்பேன். ரிஸ்வி மீதும் அது இருக்கும், என் மீதும் இருக்கும். எங்கள் இரண்டு பேரையும் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, பார்த்தவர்களின் எண் ஏறத் தொடங்கிவிட்டது. பச்சைப் பக்கத்தில் எத்தனை, மஞ்சள் பக்கத்தில் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்க விரல் போனது. ரிஸ்வியின் அழைப்பு வந்தது, பிறகு திரும்பவும் வந்தது. இனி யாரையும் எதையும் நான் எண்ணப்போவதில்லை. தொலைபேசியை அணைத்துவிட்டேன்.