சிவப்புப் புள்ளி இல்லாத தோட்டாக்கள்

நெவில்,

மான்கறி பை ஓவனில் இருக்கிறது. நான் இன்வர்கார்கில் நகருக்குப் போகிறேன், மாலை வருவேன்.

நேற்று வேட்டையில் உன் துப்பாக்கியில் தோட்டா சிக்கியதும், எல்லார் முன்னாலும் "என் பொண்டாட்டி அடைச்சது, வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்தாய். சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து நான் அடைக்கும் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் சிவப்புப் புள்ளி வைப்பேன். சிக்கியதில் புள்ளி இல்லை. பெட்டியில் இருப்பவற்றில் இன்னும் ஆறு தோட்டாக்களிலும் இல்லை. நான் ஊரில் இல்லாதபோது நீயே அடைத்திருக்கிறாய், அதுவும் உன் தம்பி சுட்டுப்போட்ட பித்தளை உறைகளில். அவன் துப்பாக்கியில் சுட்டு விரிந்த உறையை, முழுக்க நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் வாயில் மட்டும் நெருக்கினால் உன் துப்பாக்கியில் எப்படி நுழையும்? இதையும் அவர்களிடம் அதே சத்தமாகச் சொல்.

கோரல்

பி.கு. ஆறையும் பிரித்துவிட்டேன். ஒன்றின் உறைக்குள்ளே கம்பியை விட்டால் அடிப்பக்கம் பள்ளம் தட்டுகிறது; பித்தளை அங்கே மெலிந்துபோயிருக்கிறது. சுட்டிருந்தால் அங்கேயே பிளந்து உன் கண் போயிருக்கும். அதற்கும் என்னைத்தான் சொல்லியிருப்பாய்.