ஒரே சீட்டில் இரண்டு கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நானே வைத்துக்கொள்கிறேன். எட்டு வருடமாக நீ ஒரு வரி போடவில்லையே. மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். கணக்கில் மட்டும் அப்பாவைப் போல இல்லை, என்னைப் போலத் தடுமாறுகிறாள். மேல் அறை ஒழுகத் தொடங்கியதால் அதைக் காலி செய்தேன். நீ விட்டுப்போன அட்டைப்பெட்டி அங்கேதான் இருந்தது. கேட்காமல் திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அடியில் ஒரு காலுறைக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பி. ஆல்கஹால் பாதி வற்றியிருந்தாலும் உள்ளே ஓடைக் கல்லடியில் வளரும் கல் ஈக்கள் மூன்று கெடாமல் கிடந்தன. ஓடைக் கற்களைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடிய குடும்பம் நம்முடையது, கண்ணில் பட்டதை விடுவேனா? அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஆண் பூச்சி ஒன்றுதான். அதன் வயிற்று நுனியை வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்துத் தெளிந்ததும் வரைந்தேன். அந்த நுனியில் உள்ள கொக்கி இரண்டாகப் பிளந்திருக்கிறது. இதுவரை யாரும் விவரித்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. பழைய விளக்கங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிட்டுப் பார்த்தேன். புது இனமேதான் தம்பி! இந்த வயதில் நாற்காலியை விட்டுத் துள்ளினேன்.

துள்ளிய பிறகுதான் குப்பிக்குள் இருந்த சீட்டை விரித்தேன். பென்சில் எழுத்து அழியவில்லை. ஓடையின் பெயரும் தேதியும் உன் அண்ணன் கையெழுத்து. வெள்ளம் அவரைக் கொண்டுபோன அதே தேதி. அதற்குக் கீழே, 'மதியம் 2.50, வெயில் இல்லை' என்று இன்னொரு கை. ஐந்துக்கு மேல்கோடு போட மறப்பது இந்த வீட்டில் நீ ஒருவன்தான். அதை 'எஸ்' என்று படித்து உன்னை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காய்ச்சல் என்று காலையிலேயே திரும்பிவிட்டதாகவும் அண்ணன் தனியாக ஓடையில் நின்றதாகவும் சொன்னாய். குப்பிகள் வைத்திருந்த அவர் பை இன்றுவரை கிடைக்கவில்லை. பை போன பிறகு குப்பி மட்டும் எப்படி உன் பெட்டிக்குள் வந்தது? ஒரு நேரம் நீ சொன்னதுதான் நிஜம் என்று தோன்றுகிறது, அடுத்த நேரம் சீட்டுதான் நிஜம் என்று தோன்றுகிறது. அன்று நீ போர்வைக்குள் நடுங்கியபோது உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அப்படித்தான் இருந்ததா, இல்லை நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? தண்ணீர் ஏறியதும் குப்பியை உன்னிடம் கொடுத்து, "நீ மேல ஏறுடா, நான் வந்துடறேன்" என்று அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்து ஆறுதலடைகிறேன். அப்படியென்றால் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று உடனே மனம் மாறிவிடுகிறது.

எங்கள் அருங்காட்சியக இயக்குநருக்கு இதெல்லாம் தெரியாது. "யார் பிடிச்சதுன்னு போடாம அனுப்பினா ஆய்விதழ்ல கட்டுரைய திருப்பிடுவாங்க மேடம். சீட்டுல இருக்கறத அப்படியே போட்டுடுங்களேன்" என்கிறார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சீட்டில் உன் கை இருக்கிறதே. அச்சில் வந்தால் மகள் படிப்பாள், சித்தப்பாவும் அன்று அங்கே இருந்தாரா என்று கேட்பாள். அவள் கேட்பதற்கு முன் நான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறக்கை நரம்பு, கால், வால் என்று எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். 'சேகரித்தவர்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒரு பெயரா, இரண்டு பெயரா? அதிகம் வேண்டாம் தம்பி, அதை மட்டுமாவது எழுது.

அங்கிருந்து உயிரோடு ஏறி வந்தவன் நீயாக இருந்தால், நீ பிழைத்ததற்காக நான் ஒரு நாளும் வருந்த மாட்டேன். நூறு வயது இரு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணி