நிறுக்காத கட்லா

சிவகாசி
மாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அம்மா பாலம்மாள் ஆசியுடன் எழுதுவது. அய்யனார் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, அக்கா, மாப்பிள்ளை, குட்டி ஹர்ஷினி எல்லோரும் நல்ல சுகம். அங்கே நீயும் உன்கூட இருக்கிற பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் திட்ட ஆரம்பித்தாலே பட்டாளக் கேம்ப்புக்குள் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். ஹலோ ஹலோ என்று நீ நடிக்கிறது பெற்றவளுக்குத் தெரியாதா? காகிதத்தில் அந்தச் சாக்குச் செல்லாது. கடைசி வரி வரைக்கும் படி, முக்கியமான சேதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் உன் மீன் கதைக்கு வருகிறேன். பங்குனியில் பயிற்சி நடப்பதால் யாருக்கும் லீவு இல்லை, கேம்ப் ஏரியில் நடக்கிற போட்டியில் பெரிய மீன் பிடிக்கிறவனுக்கு மட்டும் பெரிய ஆபீசர் ஒரு வாரம் லீவு தருகிறார், நான் பேர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்றைக்கு நானும் அக்காவும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற ஊரில் பிறந்துவிட்டு, நான் பரம்பரை மீன்காரன் என்று பஞ்சாபிக்காரப் பிள்ளைகளிடம் அளந்து விட்டிருக்கிறாயே, உனக்கே இது அடுக்குமா ராசா? ஆனால் சிரித்து முடித்ததும் அக்கா அழுதுவிட்டாள். குட்டிக்குப் பங்குனியில் காது குத்த நாள் பார்த்தாயிற்று, தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி என்று அவளுக்குக் கவலை. என் அக்கா மகன் ராம்குமாரும் மாமன் முறைதானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்கு அவள், “கூடப் பெறந்தவன் ஒருத்தன் இருக்கும்போது இன்னொருத்தன் மடி எதுக்கும்மா? அவன் வர்றப்ப குத்திக்கிடுவோம், இல்லேன்னா காது அப்படியே கெடக்கட்டும்” என்றாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், அப்பாவிடமிருந்து வந்தது.

நீ அனுப்பிய போட்டோ வேறு இங்கே ஒரு கலகம் பண்ணிவிட்டது. மெஸ்ஸில் மான் கொம்புகளுக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாயே, அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக் கைருன்னிசா அக்கா, தம்பி மானைச் சுட்டுட்டானா, ஜெயிலில் போட்டிருவாகளே என்று பதறிப்போய் வந்தார். அது வெள்ளைக்காரன் காலத்து வேட்டைக் கொம்பு, இப்போது வேட்டைக்குத் தடை, காட்டோரம் போர்டே வைத்திருக்கிறார்கள், அனுமதிச் சீட்டு வாங்கினால் மீன் மட்டும் பிடிக்கலாம் என்று நான் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவள் மாதிரி விளக்கி அனுப்பினேன். நீயும் காட்டுப்பன்றி, அது இது என்று யார் கூப்பிட்டாலும் போகாதே. தீபாவளி வெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை நீ. சிவகாசியிலேயே அப்படி ஒருத்தன் நீயாகத்தான் இருப்பாய். உன் கையில் போய் சர்க்கார் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறது, என்னத்தைச் சொல்ல.

அப்புறம், நீ தின்ன வேண்டும் என்று சாத்தூரில் போய் வாங்கி அனுப்பிய காராச்சேவைப் பொடித்துச் சப்பாத்தி மாவில் பிசைந்து தூண்டிலில் குத்தினாயாமே. பூண்டு வாசத்துக்கு மீன் வந்தது சரி, அதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இல்லை? அம்மாம் பெரிய கட்லா, ரெண்டு பேர் சேர்ந்து கரையில் இழுத்துப் போட்டோம் என்று நீ சொல்லும்போது அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். மாமன் வாரான், மாமன் வாரான் என்று ஒரே கூத்து. அதற்குப் பிறகுதானே மென்று விழுங்கி மிச்சத்தைச் சொன்னாய். ஆபீசர் தராசோடு வருவதற்குள் மீனை அறுத்து, நின்றவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாய், அவர் வந்து பார்க்கும்போது தலை மட்டும்தான் மிச்சம், நிறுக்க மீனும் இல்லை, லீவும் இல்லை என்று. அடப்பாவி மகனே என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு நீ சொன்னதை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. “மீன் கையில வந்ததும் அப்பா சொன்னதுதாம்மா நெனப்புல இருந்துச்சு, லீவு அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு” என்றாய்.

கண்மாய் மீனை நிறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, பங்கு வைத்துத்தான் தின்ன வேண்டும், நிறுத்துப் பார்த்தால் அடுத்த வருஷம் மழை நின்றுபோகும். காரியாபட்டிப் பக்கம் நான் பிறந்த ஊரில் கண்மாய் அழியும்போதெல்லாம், தண்ணீர் வற்றி ஊரே மீன் பிடிக்க இறங்கும்போதெல்லாம், உன்னைத் தோளில் தூக்கிப்போய் உன் அப்பா சொல்லிக்கொடுத்த சட்டம் இது. சட்டம் சொன்ன மனுஷன் பிடித்த மீனையும் நான் பார்த்திருக்கிறேன். மீனை மூடிப் பிடிக்கிற ஊத்தாக்கூடையைக் கவிழ்த்துக் கவிழ்த்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம், ஒரு தவளையும் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜிலேபிக் கெண்டையும். அதையும் பங்கு வைத்தார். மச்சான் கொடுத்த பங்கு என்று என் தம்பிமார் செதிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

உன் சேதியைக் கேட்டதும் அப்பா, அவன் செய்தது சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து அச்சாபீசுக்குப் போய்விட்டார். ராத்திரி சோறு வேண்டாம் என்றார், மறுநாளும் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். அவர் ஆசையாகத் தின்கிற பொரித்த பரோட்டா வாங்கி வரச் சொன்னேன், அதையும் தொடவில்லை. அக்கா உன்மேல் கோபத்தில் இருந்தவள், அவரைப் பார்த்துப் பயந்துபோய் என்னப்பா என்று கேட்டாள். “நாஞ் சொன்ன சொல்லுதான எம் பேத்திக்கு மாமன் மடி இல்லாம பண்ணிருச்சு” என்று மனுஷன் கண் கலங்கிவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, “மடி வரலேன்னா என்னப்பா, நாம மடி இருக்கிற எடத்துக்குப் போவோம்” என்றாள். லீவுதான் தர முடியாது, குடும்பத்தை வரச் சொல், யூனிட் கோவிலும் இருக்கிறது, தங்க அறையும் இருக்கிறது என்று உன் ஆபீசர் சொன்னதாகவும், அப்பா அச்சு மெஷினை விட்டு நகரமாட்டார் என்று நீ சிரித்ததாகவும் சொன்னாயே, அதை அவள் மனசில் முடிந்து வைத்திருக்கிறாள். குலதெய்வம் இல்லாத இடத்தில் எப்படிக் குத்துவது என்று அப்பா இழுத்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போய் நம் அய்யனார் கோவிலில் பிடிமண் எடுத்து மஞ்சத்துணியில் முடிந்துகொண்டால் சாமியும் நம்மோடு ரயில் ஏறின மாதிரிதான் என்று நான் சொன்னேன்.

நேற்று அப்பா விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்குப் போன் போட்டு, லேபிள் ஆர்டர் ஒரு வாரம் தள்ளித்தான் வரும், பேத்திக்குக் காதுகுத்து என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு மறுநாளே மெஷின் ஓட்டுகிற மனுஷன்! டிக்கெட் எடுத்தாயிற்று, பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்போம். கேட்டில் எல்லார் பேரையும் எழுதிக் கொடுத்துவை. நல்லசிவம் ஆசாரியும் வருகிறார், காது குத்துகிற ஊசியை ஆயுதம் என்று பிடுங்கிவிடுவார்களோ என்று தினமும் வந்து கேட்டு என் உயிரை வாங்குகிறார், அதையும் ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. சிவகாசி என்றதும் பையைக் குடைவார்கள், நாங்கள் ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கொண்டுவர மாட்டோம். காராச்சேவு உண்டு, அது மனுஷருக்கு.

எல்லையில் நின்றாலும் ஏரியில் நின்றாலும் அய்யனார் உனக்குத் துணையாக நிற்பார், நூறாயுசாக இரு. எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் அலையாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குட்டி இப்போது நன்றாகக் கனக்கிறாள், புது முகத்தைக் கண்டால் அழுவாள், திமிறுவாள். கையை எடுத்துவிடாதே. யார் தராசோடு வந்து நின்றாலும் சரி, நிறுக்காமல் மடியில் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கப் பையைக் கட்டி வைத்துவிட்ட
அம்மா பாலம்மாள்