வெள்ளி மாலை நான்கு மணி

அன்புள்ள லூஸ்,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? அம்மாவின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தின் மின்னஞ்சல், நாள்காட்டி எல்லாவற்றையும் ஒரே பொதுச் சர்வருக்கு மாற்றி முடித்துவிட்டேன். சொந்தக் குறிப்புகளை மறைத்து வைக்க மட்டும் மறந்துவிட்டேன். அவரவர் நாள்காட்டி எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது.

இன்று மதியம் கூட வேலை பார்க்கும் ரோஸ்னா அக்கா, "வாப்பா ரொடெல், எங்களோட உக்காந்து சாப்பிடு, இன்னொரு துண்டு கோழி வச்சுக்கோ" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மேலாளரின் நாள்காட்டியைப் பார்த்ததும்தான் காரணம் புரிந்தது: 'வெள்ளி, நான்கு மணி. ரொடெலை வேலையிலிருந்து நிறுத்துவது.'

எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். நீ இனிமேல் கருவாடு அனுப்பாதே. கூரை வேலையும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இதோ, மேலாளரின் சந்திப்பு அழைப்பு திரையில் வந்துவிட்டது. 'வருகிறேன்' என்று அழுத்திவிட்டேன்.

உன் ரொடெல்