உன் டீம் யாரை எடுத்தால் எனக்கென்ன

பாளையங்கோட்டை,
திங்கள்கிழமை காலை.

அன்பு மகன் பெனோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை பெர்சிஸும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை, வாரத்துக்கு மூன்று தடவை உன் முகத்தை யூடியூபில் பார்க்கிறேன், கன்னம் உப்பித்தான் இருக்கிறது, முடிதான் வெட்டாமல் காடாகக் கிடக்கிறது. போனில் பேசினால் ரெக்கார்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய், மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பெருநாளுக்கு வந்திருந்த நம் அசன் மைதீன் அண்ணாச்சி மகன் அம்மார் நாளைக்கு அமெரிக்காவுக்கு, உன் ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுவேன். கடிதம் மட்டும்தான். ஊறுகாய், முறுக்கு ஒன்றும் கிடையாது, அவன் பையைக் குடையாதே. தின்ன வேண்டுமென்றால் வீட்டுக்கு வா.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கல்யாண வேலையில் வீடு தலைகீழாகக் கிடக்கிறது, வெள்ளையடிக்க வந்தவர்கள் ஹாலை முடித்துவிட்டு உன் அறைக்குள் நுழைந்திருக்கிறார்கள், சுவரில் நீ ஒட்டி வைத்திருந்த படங்களையெல்லாம் உரித்துப் போட்டாயிற்று. ஸ்ரீவைகுண்டம் சித்தப்பா வாழைமரமும் இலையும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். நேற்று ஆராதனையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள், இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். பெர்சிஸ் பெயரையும் மாப்பிள்ளை சத்தியநேசன் பெயரையும் நம் சபை ஐயர் சத்தமாக வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொன்னபோது கோயிலில் ஒருவரும் தடை சொல்லவில்லை. தடை சொன்னவன் நீ ஒருத்தன்தான், அதுவும் முந்தின நாளே மெசேஜில். அம்மா, கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா, அந்த வியாழக்கிழமை டிராஃப்ட் ஆரம்பிக்குது, மூணு நாளும் அங்க இருந்தே லைவ் பண்ணக் கூப்பிட்டிருக்காங்க, இப்படி ஒரு சான்ஸ் லைஃப்ல ஒரு தடவைதான் வரும், முடியலைன்னா நான் வர மாட்டேன், கோபப்படாத என்று எழுதியிருந்தாய். ஏலே, உன் தங்கைக்கு எத்தனை தடவை கல்யாணம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? தை மாதமே இந்தத் தேதியைச் சொல்லி உன்னிடம் கேட்டேன். சரிம்மா சரிம்மா என்றாய். பின்னால் டக்டக்கென்று டைப் அடிக்கிற சத்தம் கேட்டது, எந்த ஆட்டக்காரனுடைய கைநீளத்தையோ அளந்து எழுதிக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. மாப்பிள்ளைக்கு லீவு, மண்டபம், கோயில் மூன்றும் அந்த ஒரு நாளில்தான் ஒத்துவந்தது, இனி அது மாறாது.

நான் ஒன்றும் தெரியாமல் திட்டுகிறேன் என்று நினைக்காதே. அம்மாரை உட்கார வைத்து, அந்த டிராஃப்ட் என்றால் என்னடா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலேஜில் விளையாடுகிற பையன்களைச் சம்பளத்துக்கு ஆடுகிற டீம்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளுமாம். போன வருஷம் எல்லோரிடமும் அடிவாங்கிய டீமுக்குத்தான் முதல் முறையாம். ஏழு சுற்றாம். தன் முறை வந்ததும் கெடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுமாம், அது முடிவதற்குள் பெயரைச் சொல்லாமல் முழித்துக்கொண்டிருந்தால் அடுத்த டீம்காரன் முந்திக்கொள்ளலாமாம். மேடையில் ஒருவர் பெயரை வாசிப்பாராம், அந்தப் பையன் கோட்டும் சூட்டுமாக எழுந்து அவன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவானாம். எல்லாம் சரி, இதில் எங்கள் பெனோவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அம்மார் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்குப் பிடிச்ச டீம் யாரை எடுக்கும்னு அண்ணன் யூடியூப்ல முன்னாடியே சொல்லுதாங்க டீச்சர் என்றான். அந்த டீம் இவனிடம் கேட்டதா என்றேன், இல்ல டீச்சர் என்றான். சொன்னதைக் கேட்டு எடுப்பார்களா என்றேன், அண்ணன்னு ஒருத்தர் இருக்கதே அவங்களுக்குத் தெரியாது டீச்சர் என்றான். நல்ல பையன், பொய் சொல்ல வரவில்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்களைப் பற்றி, வாழ்க்கை முழுக்க பி.டி. டீச்சராக விசில் ஊதிய நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஊர், அவர்கள் பந்து.

ஆனால் போன வருஷம் நீ அடித்த கூத்து எனக்கு மறக்கவில்லை. மலை மாதிரி ஒரு பையன் படத்தைக் காட்டி, எங்க டீம் இவனைத்தான் தூக்கும், எழுதி வச்சுக்கோங்க என்று வாய் கிழியப் பேசினாய். அவர்கள் யாரோ ஒரு ஒல்லிப் பையனை எடுத்தார்கள். அடுத்த சுற்றுக்கு ஒருவன் பெயரைச் சொன்னாய், அவனையும் எடுக்கவில்லை. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, ஒன்றாவது பலித்ததா? கடைசியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இந்த மேனேஜ்மெண்டுக்கு மூளையே இல்லை என்று அரைமணி நேரம் புலம்பினாய். நீ சொன்னவனை எடுத்தால் நீ மேதை, எடுக்காவிட்டால் அவர்கள் முட்டாள், இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் கோயிலிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு, உனக்குத் தெரியும். ஐயர்மார் மாறுதல் வருகிற சமயத்தில் ஆராதனை முடிந்ததும் பைக் நிறுத்துகிற இடத்தில் கூடி நின்றுகொண்டு, நமக்கு அடுத்து யார் வருவார், அவருக்கு எந்த ஊர் கிடைக்கும் என்று பேசுவார்கள். கமிட்டிக்கார ஞானையா மாமாதான் அதில் தலைவர். எனக்கு உள்ளேயிருந்து தகவல் வந்தாச்சு என்பார். வருகிறது வேறு ஒருவராக இருக்கும், உடனே மேலே ஏதோ அரசியல் நடந்துபோச்சு என்பார். அவரைப் பார்த்து நீ சின்ன வயதில் எப்படிச் சிரிப்பாய். இப்போது அவர் செய்வதையே நீ காமிரா வைத்துச் செய்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அவராவது பேசி முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

நானும் டீம் எடுத்தவள்தான் பெனோ. எத்தனை வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி கோகோவுக்கும் த்ரோபாலுக்கும் ஆள் எடுத்திருக்கிறேன். முதல் நாள் வேகமாக ஓடியவள் மூன்றாம் நாள் வரவே மாட்டாள். கட்டைக் குட்டையாக ஓரத்தில் நின்றவள் மாவட்டப் போட்டியில் ஜெயித்துக் கொடுப்பாள். கண்ணெதிரே நிற்கிற பிள்ளையைப் பற்றியே நான் பாதி நாள் தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன். நீ பார்க்காத பையன்களைப் பற்றி எவனோ ஸ்டாப்வாட்ச் பிடித்து எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, இவன் தேறுவான், இவன் தேற மாட்டான் என்று தீர்ப்புச் சொல்கிறாய். ஒருத்தனுக்கு முழங்கால், ஒருத்தனுக்குத் தோள்பட்டை என்று எவனுக்கு எங்கே அடி என்பது உனக்கு மனப்பாடம். போன மாதம் நீ போட்ட வீடியோவை நானும் பெர்சிஸும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பையன் படத்தைக் காட்டி, கணுக்கால் ஆபரேஷன் ஆன கேசு, டேமேஜ் பீஸ், அஞ்சாவது ரவுண்டு வரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான் என்று சொல்லிச் சிரித்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பெர்சிஸும் சிரித்தாள். பிறகு பால் பொங்குதும்மா என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் வளர்ந்த பிள்ளை என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

வண்ணார்பேட்டையில் மழையில் பெர்சிஸ் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தபோது நீ அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தாய், அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. கால் கூடிவிட்டது, ஆனால் நடையில் ஒரு சாய்வு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் என்று வந்தவர்கள் பெண் கையால் காபி கொண்டுவரச் சொன்னது காபி குடிக்க இல்லை, நடையைப் பார்க்க. ஒரு அம்மாள் காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள், தண்ணீர் வந்ததும் கொஞ்சம் சீனி கேட்டாள், பெர்சிஸ் மறுபடி மறுபடி உள்ளே போய் வரவேண்டும் என்பதற்காக. கையில் ஸ்டாப்வாட்ச் மட்டும்தான் இல்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே எங்கள் பெயரையும் ஒருவரும் வாசிக்காமல் எத்தனை சுற்று போயிருக்கிறது என்று உன் நிகழ்ச்சியில் சொல்லு. கடைசியில் வந்த சத்தியநேசன் களக்காட்டில் மாட்டு டாக்டர், நாள் முழுக்க மாட்டின் காலைத் தூக்கிப் பார்க்கிற தொழில். அவர் ஒருத்தர்தான் இவள் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் வாயைத் திறந்து விபத்து விஷயத்தைச் சொல்லப் போனபோது, தெரியும் அத்தை, வலி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று நன்றாக அழுதேன்.

உங்கப்பா இருந்திருந்தால் உன்னிடம் இவ்வளவு எழுத மாட்டேன். கோயில் வாசலில் இருந்து ஆல்டர் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்திருப்பாள், நீ பாட்டுக்கு உன் டிராஃப்ட் பையன்களோடு இருந்திருக்கலாம். இப்போது அந்தக் கை உன்னுடையது. நம் கோயில் எவ்வளவு நீளம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கனமான பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறபோது, பிடிக்க ஒரு கை இல்லாமல் அவளால் போக முடியாது. இந்த விஷயம் எப்படியோ காதில் விழுந்து ஞானையா மாமா நேற்று கோயில் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இருக்கேன்லா, எதுக்கு கவலைப்படுதிய, கோட்டெல்லாம் எடுத்து வெளுக்கப் போட்டாச்சு என்கிறார். பெர்சிஸ் வேண்டாம் மாமா, எங்க அண்ணன் வருவான் என்று சொல்லிவிட்டாள். அவர் போனதும், எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் வர மாட்டேன்னு சொல்லியிருக்காம்லாம்மா, அவன் சொன்னது என்னைக்கு நடந்திருக்கு என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன், ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றாலும் எட்டிப் பார்க்கிறாள் பெனோ, இன்னும் நாள் இருக்கிறதே என்று சொன்னாலும் கேட்கிறதில்லை.

எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. உன் ஆட்டத்தின் சட்டத்தையே உனக்கு வைக்கிறேன். இப்போது உன் முறை. மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன் கெடிகாரம் ஓடும். அதற்குள் டிக்கெட் போட்டாயிற்று என்று செய்தி வரவில்லை என்றால் அடுத்த முறை என்னுடையது, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஐயரிடம் கேட்டுவிட்டேன், தாயார் கூட்டிவரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை அம்மா என்றார். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நாங்கள் இரண்டு பேரும் சாய்ந்து சாய்ந்து போய்ச் சேர்வதற்குள் பாடகர் குழு இரண்டு பாட்டை முடித்துவிடும், பரவாயில்லை, பாடட்டும். சாயங்காலம் வாசல் கேட்டிலிருந்து அடுக்களை வரை இருவரும் நடந்து பழகுகிறோம், வெள்ளையடிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். நீ வந்தால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கல்யாணம் வியாழக்கிழமை காலையில். உன் டிராஃப்ட் நம் ஊர்க் கணக்குக்கு வெள்ளிக்கிழமை விடிகாலையில்தான் ஆரம்பிக்கிறதாம், அம்மார் கணக்குப் பார்த்துச் சொன்னான். ஹால் டிவியில் போட்டுக்கொண்டு உட்கார், கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள், ஞானையா மாமாவும் ஒவ்வொரு பெயருக்கும் கருத்துச் சொல்வார். உங்கள் இரண்டு பேரில் யார் அதிகமாகத் தப்புச் சொல்கிறீர்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நீ இல்லாவிட்டாலும் அந்த டீம் தனக்கு வேண்டியவனை எடுத்துக்கொள்ளும்.

ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு, அந்த முடியை வெட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. எவ்வளவு திட்டினாலும் ஜெபத்தில் முதலில் உன் பெயரைத்தான் சொல்கிறேன், அதை நீ யூடியூபில் சொல்லாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை.

கடைசியாக ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். வந்தால் கோயிலில் நீ அவளுக்கு இடது பக்கம் நிற்க வேண்டும், அவளுக்கு அடிபட்டது இடது கால். இத்தனை பையன்களின் காலை மனப்பாடமாகச் சொல்கிற உனக்கு இது ஞாபகம் இருக்குமோ என்னவோ என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெபராணி